களத்துமேட்டில் மிஞ்சியது எவ்வளவு? பாகூர் முதல் புதுவைத் துறைமுகம் வரை

முதல் நாள்: பாகூர்

புதுச்சேரியில் கடலூர் பேருந்து ஏறி, கன்னியக்கோயிலில் இறங்கி மேற்கே திரும்பினால் பாகூர். மொத்தமே 20 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். அதற்குள் ரெட்டிச்சாவடிப் பக்கம் தமிழ்நாடு எட்டிப் பார்க்கிறது, மறுபடி புதுச்சேரி வந்துவிடுகிறது. பெட்ரோல் விலைப் பலகையும் மதுக்கடைக் கூட்டமும்தான் இன்றைக்கு எல்லைக்கல். 1749, 1750 வாக்கில் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் தரப்பிடமிருந்து வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது விழுந்த ஒட்டுத்துணி வரைபடம் இது. நடுவில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். வரைபடம் மட்டும் சீராகவில்லை.

இந்தப் பயணத்தைப் பாகூரில் தொடங்கக் காரணம் இந்த எல்லைதான். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுத குடியானவருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கு மன்றமும் கிடையாது, சங்கமும் கிடையாது. இருந்த ஒரே ஆயுதம், ஏரைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவது. அடுத்த ஊரில் வேறு துரை ஆட்சி என்றால் ஆயுதத்துக்குக் கூர் அதிகம். ஒரு வரப்பு தாண்டினால் போதும். இந்த நடை எப்படிக் கப்பல் பயணமாக மாறியது என்பதைத்தான் ஊர் ஊராகப் பார்க்கப் போகிறோம்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசிகள் வெட்டிய வாய்க்கால் என்பது ஊர்க்கதை. கரை மேல் நின்று கிழக்கே பார்த்தால் மடையிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் நஞ்சை வயல்களும் தெளிவாகத் தெரியும். இந்த ஊரின் நிலக்கணக்கு பழையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களின் வருவாயை இங்கிருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு எழுதி வைக்கிறது. நிலத்தில் உழைப்பவர் ஒருவர், விளைவில் பங்கு வாங்குபவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டை வெள்ளைக்காரன் கொண்டுவரவில்லை. அதைக் காசாக்கியதும், தேதி குறித்து வசூலித்ததும்தான் அவன் வேலை.

அளவைகளை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தப் பக்கம் 576 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு காணி. ஆக ஒரு காணி 57,600 சதுர அடி, ஏக்கரில் 1.32. கடலூர் மாவட்டத்திலும் காணி இதேதான். புதுச்சேரிப் பத்திரங்களில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று இருக்கும். ஒரு காணி ஏறக்குறைய 53 ஆர் 51 சென்டியார். நெல்லுக்கு 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம்.

இனிக் களத்துமேடு. நெல்லை அறுத்துக் கட்டு கட்டிக் களம் சேர்த்ததும் முதல் அடி கையால். அதில் உதிர்வதுதான் முற்றிய மணி, விதைக்கு எடுப்பது அதைத்தான். வைக்கோலைப் போராகப் போட்டு வைத்து, பிறகு மாடு பிணைத்துப் போரடி. அப்புறம் காற்றுப் பார்த்து முறத்தால் தூற்றுவது. பதர் பறந்து, கருக்காய் ஓரம் ஒதுங்கி, நடுவில் நிற்பது பொலி. பங்கு பிரிக்கும்வரை அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சாணிப்பாலாலோ சாம்பலாலோ குறி போட்டுக் காவல் வைப்பார்கள். குறி கலைந்தால் பழி குடியானவர் மேல்தான். அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். யாருக்கு லாபம் என்பது மரக்காலைப் பிடித்த கையில் இருந்தது. கடன் கொடுக்கையில் தலை தட்டி அளப்பது, திருப்பி வாங்குகையில் குவித்து அளப்பது. கலத்துக்குப் பன்னிரண்டு தடவை இந்த வித்தியாசம் சேரும்.

பங்குதாரர்கள் யார் யார்? தொண்டை மண்டலத்திலும் தஞ்சையிலும் வேரூன்றி, இடைப்பட்ட தென்னாற்காட்டு நஞ்சை ஊர்களிலும் இருந்த மிராசு முறையில் ஊர் நிலம் கரை, பங்கு என்று மிராசுதாரர்களுக்குள் பிரிந்திருக்கும். அவர்களிடம் வாங்கி உழுபவர் பாயக்காரி. ஊரிலேயே வீடு வாசலோடு தலைமுறையாக உழுபவர் உள்குடி. வருஷம் பேசி வந்துபோகிறவர் புறக்குடி. உள்குடியை எளிதில் நீக்க முடியாது, அவரும் எளிதில் போக மாட்டார். புறக்குடிக்கு உரிமை இல்லை, ஆனால் பேரம் உண்டு. ஆள் குறைவாக, தரிசு நிறைய இருந்த காலத்தில் புறக்குடிக்கு நல்ல வாரம் கொடுத்துத்தான் ஏர் பூட்ட வைத்தார்கள். இவர்களுக்கெல்லாம் கீழே, பங்கு எதுவும் இல்லாமல் படியளப்புக்கு உழைத்தவர் படியாள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். விகிதம் ஊருக்கு ஊர் மாறும், இது புரிதலுக்காக மட்டும். பொலி 100 கலம். அறுப்புக் கூலி, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், கோயில் என்று களத்திலேயே கழியும் சுதந்திரங்கள் 12 கலம். மிச்சம் 88. நேர்பாதி வாரத்தில் நிலக்காரர் பங்கான மேல்வாரம் 44 போனால் உழுதவர் பங்கு 44. விதைக்கு 6 எடுத்து வைத்தால் 38. போன ஆடியில் சாப்பாட்டுக்கு வாங்கிய நெல் 12 கலம். அதை நெல்லாக எழுதியிருக்க மாட்டார்கள்; அன்றைய விலையில், கலம் 2 ரூபாய் என்று 24 ரூபாயாக எழுதியிருப்பார்கள். வட்டி 3 ரூபாய். தையில் கலம் ஒன்றே கால் ரூபாய்க்கு இறங்கியிருக்கும்போது 27 ரூபாய் அடைக்க 21.6 கலம் அளக்க வேண்டும். வட்டியைக் காட்டிலும் விலை வித்தியாசம்தான் ஆளைச் சாப்பிடுகிறது. மிச்சம் 16.4. மாடு, உப்பு, துணி, கலப்பைச் செலவுக்கு 6 கலம். கையில் நிற்பது 10.4 கலம், அதாவது 998 படி. உழவாளோடு சேர்ந்த பெரிய வீட்டுக்கு நாளுக்கு 6 படி என்றால் 166 நாள் வரும். தை முதல் தேதியிலிருந்து எண்ணினால் ஆனி பாதியில் குதிர் காலி. ஆடியில் மறுபடி அதே வாசல். 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பது சலிப்பில் சொன்னதாகத் தெரியவில்லை, கணக்குப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் மழை பொய்க்கவில்லை, மாடு சாகவில்லை, கல்யாணமும் இல்லை. ஒன்று தப்பினாலும் 166 நாள் 60 நாளாகிவிடும்.

இரண்டாம் நாள்: கடலூர்

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டினால் மஞ்சக்குப்பம். ஆட்டோக்காரர்களிடம் 'பழைய கலெக்டர் ஆபீஸ்' என்று கேட்டால் போதும். தேவனாம்பட்டினம் கெடிலத்தின் முகத்துவாரத்தில். 1690இல் ஆங்கிலக் கம்பெனி செஞ்சி மராட்டியரிடம் இங்கிருந்த கோட்டையை (புனித டேவிட் கோட்டை) வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். குண்டு கிராமங்கள் என்ற பெயர் அதனால் வந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. இப்போது பார்க்க அதிகம் இல்லை. கடற்கரைக்குப் போகிறவர்கள் போகிற வழியில் பார்த்தால் போதும்.

பார்க்க வேண்டியது வருவாய்க் கணக்கு. 1801இல் ஆற்காட்டு நவாபின் சீமையான கர்நாடகம் கம்பெனி கைக்கு வந்ததும் தென்னாற்காட்டு ஜில்லாவுக்குக் கடலூர் தலைமையிடமானது. முதலில் தடுமாற்றம்தான். 1808இல் ஊரையே மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள், 1811இல் பத்தாண்டுக் குத்தகை. தாமஸ் மன்றோ 1820இல் சென்னைக்குக் கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரி ஊன்றியது. வயலுக்கு வயல் அளந்து தீர்வை கட்டி, பட்டாவை ஆளுக்கு எழுதிக் கொடுப்பது. வருஷா வருஷம் அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஜமாபந்தி. வேண்டாத வயலை ராஜிநாமா எழுதிக் கொடுத்து விட்டுவிடலாம், தரிசு வேண்டுமென்றால் தர்காஸ்து போடலாம். காகிதத்தில் பார்த்தால் குடியானவர் சுதந்திரமாக வந்து போகலாம்.

நடந்தது வேறு. பட்டா மிராசுதாரர் பெயரிலோ ஊர்ப் பெரியவர் பெயரிலோ விழுந்தது. அவருக்குக் கீழே உழுத புறக்குடிக்குப் பட்டாவில் பெயரே இல்லை. தீர்வை விளைவில் பங்காக இல்லாமல் ரொக்கமாக நின்றது. கிஸ்தித் (தீர்வைத் தவணை) தேதியோ, அறுவடை நெல் சந்தையில் குவிந்து விலை அடிமட்டத்தில் கிடக்கும் மாதங்களில். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றால் விலை இன்னும் இறங்கும். முந்திய காலத்து மேல்வாரத்தில் விளைச்சல் பாதியானால் சர்க்கார் பங்கும் பாதியானது. ரொக்கத் தீர்வையில் அந்தத் தாங்கல் போய்விட்டது. ரெமிஷன், அதாவது தீர்வைத் தள்ளுபடி, உண்டு என்பார்கள். அதற்கு மணியக்காரரும் கணக்கப்பிள்ளையும் 'சாவி' (பயிர் பொய்த்தது) என்று எழுத வேண்டும். அந்த எழுத்துக்கு ஒரு விலை இருந்தது.

வசூல் எப்படி நடந்தது என்பதைச் சென்னை சர்க்கார் தானே நியமித்த சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் எழுதி வைத்திருக்கிறது. விரலை நசுக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் எல்லாம் தீர்வை வசூலில் புழங்கியவை. எல்லை தாண்டுவது ஏன் லேசான முடிவாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. எந்தப் பக்கத்துச் சர்க்காரும் மிராசுதாரரும் தரிசைத் திருத்தக் கவுல் கொடுத்தார்கள்: முதல் வருஷம் தீர்வை இல்லை அல்லது நாமமாத்திரம், பிறகு படிப்படியாக ஏறி முழுத் தீர்வை. முழுத் தீர்வை விழும் வருஷத்தில் ஏர் இன்னொரு தரிசுக்கு நகர்ந்துவிடும். அதிகாரிகள் இதை நாணயக்கேடு என்றார்கள். கிணறு வெட்ட, மண் திருத்த உழைத்துவிட்டு, உரிமையில்லாத நிலத்துக்கு முழு விலை கொடுக்க மறுப்பதில் என்ன நாணயக்கேடு என்று தெரியவில்லை.

மக்கள்தொகை ஏற ஏற, தரிசு சுருங்கச் சுருங்க, நூற்றாண்டின் பின்பாதியில் இந்த ஆட்டம் முடிந்தது. புறக்குடி போனால் அந்த இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். வாரம் ஏறியது, காலம் வருஷக் குத்தகையாகக் குறைந்தது, முன்பணம் கேட்டார்கள். நடந்து போய்ப் பேரம் பேச இனி இடமில்லை.

மூன்றாம் நாள்: நெல்லிக்குப்பம், பண்ருட்டி

நெல்லிக்குப்பத்தை வேகமாகக் கடக்கலாம். பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1840களிலிருந்து இங்கே. ஆலைக்கு ஒத்துக்கொண்டால் கரும்புக்கு முன்பணம் உண்டு. கட்டிங் ஆர்டர் தள்ளிப்போனால் கரும்பு காயும், வெட்டிய கரும்பு ஆலை வாசலில் கிடந்தால் எடையும் இனிப்பும் குறையும், நட்டம் விளைவித்தவருக்கு. அன்றும் இதே சிக்கல், இன்றும் இதே சிக்கல்.

பண்ருட்டியில்தான் தங்க வேண்டும். பலாவும் முந்திரியும் கண்ணை இழுக்கும், நாம் தேடி வந்தது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. செம்மண் மேட்டில் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த புன்செய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் மல்லாட்டைக்கு மாறியது. பருப்பு புதுச்சேரியிலிருந்து கப்பலில் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது, அங்கே எண்ணெயாகிச் சோப்புக்குப் போனது. புதுச்சேரி விழுப்புரம் ரயில் 1879இல் ஓட ஆரம்பித்ததும் வண்டிப் பாட்டை இருந்த இடத்தில் கூட்ஸ் வண்டி வந்தது. அதே செம்மண்ணில் நடந்த அவுரி, செயற்கைச் சாயம் 1897இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்ததும் படுத்துவிட்டது. மல்லாட்டை அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது.

மானாவாரி மல்லாட்டை ஆடிப் பட்டத்தில் விதைப்பு, மார்கழி தையில் பிடுங்கல். இருபதாம் நாள் முதல் களை. பூத்து ஊசி இறங்கும் நேரத்தில் மண்ணைக் கிளறக் கூடாது, கிளறினால் ஊசி அறுந்து காய் பிடிக்காது. பிடுங்கும்போது மண்ணில் ஈரம் இருக்க வேண்டும். செம்மண் இறுகிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணிலேயே தங்கும். அப்போது கொத்தியோ ஏர் ஓட்டியோதான் எடுக்கணும். தப்புக்காய் பொறுக்க நிலமில்லாத பெண்கள் வருவார்கள். அந்தப் பொறுக்கலுக்கும் நிலக்காரரோடு பங்குண்டு.

பெரிய தப்பு நடந்தது உடைப்பில். மெஷின் பரவும்வரை ஓட்டைக் கையால் உடைத்தார்கள். காய்ந்த ஓடு லேசில் உடையாது, விரல் நோகும். அதனால் காய்மேல் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, கட்டையால் அடித்தார்கள். ஓடு மெத்தென்று பிரியும், உடைப்புக் கூலி குறையும், ஈரப் பருப்பு எடையும் கூடக் காட்டும். வியாபாரிக்கு மூன்று லாபம். சாக்கில் கட்டிக் கப்பலின் வயிற்றில் வாரக்கணக்கில் கிடந்தால் பருப்பு சூடேறிப் பூசணம் பிடித்து எண்ணெய் காறும். மார்செய் சந்தையில் கரமண்டல் (சோழமண்டலக் கரை) பருப்புக்கு விலை குறைந்தது. குறைந்த விலை படிப்படியாக இறங்கிக் கடைசியில் விழுந்தது தண்ணீரே தெளிக்காத குடியானவர் தலையில். 500 ராத்தல் (பவுண்டு) கொண்ட கண்டிக்கு இவ்வளவு என்று விதைப்பின்போதே விலை பேசி முன்பணம் வாங்கியவருக்கு மறுப்பதற்கு வழியில்லை.

முன்பணச் சங்கிலி இப்படி: ஏற்றுமதி வியாபாரி தரகருக்கு, தரகர் ஊர்ப் பெருந்தனக்காரருக்கு, அவர் குத்தகைக்காரருக்கு. ஒவ்வொரு கணுவிலும் வட்டி ஏறும், விலை இறங்கும். 1890களில் விளைச்சல் சரிந்தபோது சங்கிலியின் கடைசிக் கணு தனியாக நின்றது. வெளியிலிருந்து வந்த புது விதைதான் பயிரைத் திரும்ப நிமிர்த்தியது.

இருந்தாலும் மல்லாட்டைக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். புன்செய்க்காரருக்கு ரொக்கம் கையில் பட்டது. கிணறு வெட்டி, மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை பூட்ட முடிந்தவர்கள் ஊரிலேயே நின்றார்கள், சிலர் நிலமும் வாங்கினார்கள். பயிர் ஆள் கேட்டது. களைக்கும் பிடுங்கலுக்கும் உடைப்புக்கும் கூலி கிடைத்தது. மல்லாட்டைச் சீமையை விட நஞ்சைச் சீமையின் படியாளுக்குத்தான் ஊரில் நிற்கக் காரணம் குறைவு. நாளை அங்கே.

நான்காம் நாள்: வடலூர், வீராணம்

வடலூரில் வள்ளலார் 1867 மே 23இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1866 பஞ்சத்தின் சூடு ஆறாத நேரம். பசியை ஆன்மிகத்தின் முதல் கேள்வியாக வைத்தவர் இந்த ஜில்லாவில் பிறந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. பத்து வருஷத்தில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தது.

சேத்தியாத்தோப்பு தாண்டினால் வீராணம். முதற்பராந்தகன் காலத்து ஏரி. கொள்ளிடத்தில் 1836இல் கட்டிய கீழணையிலிருந்து வடவாறு தண்ணீர் கொண்டுவருகிறது. ஆர்தர் காட்டன் கட்டிய அணை ஏரியை நிலையாக்கியது, ஏரி விளைச்சலை நிலையாக்கியது, விளைச்சல் நிலவாடகையை ஏற்றியது. படியாள் நிலை மட்டும் இருந்த இடத்திலேயே.

படியாள் ஆவது ஒரு கல்யாணக் கடனில் தொடங்கும். கடனுக்கு ஈடு உழைப்பு. தினப்படியாக நெல், அறுவடையில் களவாசம், பண்டிகைக்கு ஒரு துணி, குடிசை போட மிராசுதாரர் மனையில் ஓர் ஓரம். நெல் வேலை நாளுக்குத்தான். சித்திரை முதல் ஆனி வரை வேலை இல்லை, படியும் இல்லை, ஆகவே கடன். அப்பா கடன் பிள்ளைக்கு. 1843 ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்குக் கோர்ட்டில் இடமில்லை என்றது. ஓடிப்போன படியாளை அடிமை என்று சொல்லிப் பிடித்துத்தர இனிக் கோர்ட்டைக் கேட்க முடியாது. ஆனால் கடன் பத்திரம் செல்லும், மனையும் மிராசுதாரருடையது. குடிசையைப் பிரித்தால் போதும், சட்டம் தேவையில்லை.

இந்த மனைப் பிரச்சினை பற்றியும், தரிசுக்குத் தர்காஸ்து போடவே தாழ்த்தப்பட்டோரை மிராசுதாரர்கள் விடவில்லை என்பது பற்றியும் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணையில் பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு. நிபந்தனை ஏட்டில் நிற்க, நிலம் கை மாறிய கதை இன்றும் வழக்கு மன்றங்களில் நடக்கிறது. குடியிருந்த மனை சொந்தமாக 1971 குடியிருப்புச் சட்டம் வரை காத்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம் கங்காணி வந்து மலாயா, மேஸ்திரி வந்து ரங்கூன் என்றால் என்ன கேட்பார்? கூலி எவ்வளவு என்பதற்கு முன்னால், பழைய கடனை யார் அடைப்பது என்றுதான் கேட்பார். கங்காணி அடைத்தான், தன் பேரில் எழுதிக்கொண்டான். கடன் மிராசுதாரர் ஏட்டிலிருந்து கங்காணி ஏட்டுக்கு மாறியது, ஆள் நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பலேறினார். ஊரில் எஞ்சியவர்களுக்கு ஒரு நன்மை: ஆள் போய்விடுவான் என்ற பயம் மிராசுதாரருக்கு மறுபடி வந்தது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவியோடு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது அந்தப் பயமும் போனது.

இன்றைய நிலைக்கு ஒரு குறிப்பு. 1955இல் தமிழகச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாய வாரச் சட்டம் (நஞ்சைக்கு முதலில் 40 சதவீதம், பின்னர் 25), 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். பதிவேட்டில் பெயர் ஏறினால் எளிதில் நீக்க முடியாது என்பதாலேயே எழுத்தில்லாமல் வாய்ப்பேச்சில் விடுகிறார்கள், ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். காணிக்கு இத்தனை மூட்டை என்று பேச்சு. வெள்ள நிவாரணம் பட்டாதாரர் கணக்குக்குப் போகும். ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் சாகுபடிதாரர் பெயர் ஏறினால் பயிர்க் கடனும் காப்பீடும் கேட்கலாம். அதற்கு நிலக்காரர் சம்மதம் வேண்டும் என்கிற இடத்தில் பழைய புறக்குடி அப்படியே நிற்கிறார்.

ஐந்தாம் நாள்: புதுச்சேரி

கடற்கரைச் சாலையில் 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1866இல் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கப்பல்துறைப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. அந்தப் பாலம் வருவதற்கு முன்னால் கரையில் கப்பல் அண்டாது. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குச் சலங்கு என்ற படகில்தான் போக வேண்டும். சலங்குக்கு ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கிப் போடும்போது ஆணியடித்த படகு பிளக்கும், தைத்தது வளைந்து கொடுக்கும். கடலையே பார்க்காத நஞ்சைக்காட்டு ஆளுக்கு முதல் பயம் இந்தச் சவாரிதான்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரியூனியனுக்கு 1820களின் கடைசியிலேயே ஆள் போக ஆரம்பித்தாகிவிட்டது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பஞ்சம். 1849இல் புதுச்சேரி வியாபார நிறுவனங்கள் ஆளனுப்பவென்றே ஒரு சங்கம் அமைத்தன. 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக் சேர்ந்தது, 1854 டிசம்பரில் அதே கப்பல் பக்கத்துத் தீவான குவாதலூப். மொத்தத்தில் மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து போனார்கள். அதற்குப் புதுச்சேரிச் சீமையின் சொந்த ஜனத்தொகை போதவே போதாது. ஆள் வந்தது தென்னாற்காட்டிலிருந்து, பாகூரில் பார்த்த அந்த வரப்பைத் தாண்டி. ஆங்கில அதிகாரிகள் கத்திக்கொண்டிருந்தார்கள், மேஸ்திரிகள் இரவில் நடத்திக் கூட்டி வந்தார்கள்.

1861 ஜூலையில் இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. பிரிட்டிஷ் சீமையில் ஆள் எடுக்கலாம். காலம் 5 வருஷம். வாரம் 6 நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம். கப்பலில் ஆண்களில் நாலில் ஒரு பங்காவது பெண்கள். புதுச்சேரியில் பிரிட்டிஷ் ஏஜெண்டு ஒருவர் ஆளைப் பார்த்து, மனசார வருகிறாரா என்று கேட்க வேண்டும். ஆண் கூலி மாதம் 12.50 பிராங்க், அன்றைய கணக்கில் 5 ரூபாய். காசே பார்க்காத படியாளுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் புறப்படுமுன் கொடுத்த முன்பணம் கூலியில் கழியும். நோவு நாள் கூலியில்லை. மொரீசியஸில் வராத ஒரு நாளுக்கு இரண்டு நாள் கூலி பிடித்தார்கள், 'டபுள் கட்' என்று அதற்குப் பெயர். இப்படி ஐந்து வருஷம் ஏழு வருஷமாக நீளும். புகார்கள் குவிந்து 1882இல் ரியூனியனுக்கு ஆளனுப்புவதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள், சில வருஷத்தில் கரீபியத் தீவுகளுக்கும் நின்றது.

இன்று குவாதலூப்பிலிருந்தும் ரியூனியனிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் பூர்விக ஊர் தேடி வருகிறார்கள். தேடுகிறவர்களுக்கும் அவர்களுக்கு உதவுகிறவர்களுக்கும் சில வழிகள்.

முதலில் போன நாட்டுப் பதிவை எடுக்க வேண்டும், இங்கிருந்து தொடங்கக் கூடாது. பிரெஞ்சுத் தீவுகளுக்கு அந்தந்தத் தீவின் ஆவணக்காப்பகமும் பிரான்ஸில் எக்ஸ் (Aix-en-Provence) நகரத்துக் காப்பகமும். மொரீசியஸுக்கு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம், பிற்காலத்தவருக்குப் படமும் இருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பல் பட்டியல்; 1860 நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்த முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்துதான் போனது. பதிவு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் என்ற வரிசையைப் பாருங்கள். ஊரைவிடத் தாலுகாதான் முக்கியம். குப்பம், பாளையம், நல்லூர் என்று முடியும் ஊர்கள் ஜில்லாவில் ஏராளம். தாலுகா இல்லாமல் தேடினால் வருஷம் போய்விடும். அன்றைய தென்னாற்காட்டில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், விழுப்புரம், திண்டிவனம், திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை என எட்டுத் தாலுகா. ஆகவே திருவண்ணாமலை என்றிருந்தால் வடாற்காட்டு ஏடுகளில் போய் நிற்க வேண்டாம்.

1861க்கு முந்திய பதிவில் பாகூர், வில்லியனூர் என்று இருந்தால் உடனே நம்ப வேண்டாம். பிரெஞ்சுப் பிரஜை என்று காட்டப் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்ல வைத்திருக்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஐந்தாறு மைல் சுற்றளவில் உள்ள தென்னாற்காட்டு ஊர்களையும் பார்க்க வேண்டும். 'புதுச்சேரி' என்று மட்டும் இருந்தால் அது கப்பலேறும்வரை அவர் தங்கிய டிப்போவாகவும் இருக்கலாம். படையாச்சி என்ற பெயர் குடும்பப் பெயராக நின்றிருந்தால் தென்னாற்காடு நல்ல ஊகம்.

ஊர் தெரிந்ததும் எல்லோரும் ஓடுவது பழைய பட்டாவுக்கு. நிலத்தை அளந்து தீர்வை கட்டிய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரில் கப்பலேறியவர் பெயர் அநேகமாக இருக்காது. பாயக்காரிக்கும் படியாளுக்கும் பட்டா கிடையாது. கிறிஸ்தவராக இருந்தால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவு. பிரெஞ்சுச் சீமையாக இருந்தால் கொம்யூன் (உள்ளாட்சி) பிறப்பு, கல்யாணப் பதிவுகள், லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்து ஆவணக்காப்பகம். இரண்டும் இல்லையென்றால் ரிஜிஸ்தரில் மிராசுதாரர் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஊருக்குப் போய், அந்தக் குடும்பங்களின் நிலம் எது, அதை ஒட்டிய பழைய குடியிருப்பு எது என்று கேட்க வேண்டும்.